சகலையின் மூக்கு

"ஏம்பா ஆதிமூலம், கொஞ்சம் திரும்பி நில்லு."

ஆதிமூலம் திரும்பி நின்றான். செஞ்சி கோட்டையடிக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். உடம்பில் புத்தம்புது ஆரஞ்சு பனியன். முதுகில் கொட்டை எழுத்தில் 'பாரதி' என்று இருந்தது.

"பாரதி யாரு?" என்று கேட்டார் வீராசாமி.

"தெரியல சார். அளவு சரியா இருந்துது, போட்டுக்கினேன்."

"உம் பேரு எங்க?"

"அதத்தான் சார் நானும் தேடிக்கினு இருக்கேன்."

அணியிலேயே நெட்டையான எழில் அடுத்து வந்தான். அவன் முதுகில் 'தினகரன்'. நெஞ்சில் இன்னும் மோசம். 'ஏரிக்கரைக் கல்லூரி, திண்டிவனம்' என்று வளைத்து வளைத்து அச்சடித்திருந்தது.

வீராசாமிக்குத் தலை சுற்றியது. அது எதிரி அணியின் பெயர். அவர் செஞ்சிக் கல்லூரியின் பி.டி. சார். பிள்ளைகளை விசில் ஊதி ஓடவிட்டே பதினெட்டு வருஷத்தை ஓட்டியவர். இப்போது அவரே ஓடினார், காந்தி பஜார் தையல்கடைக்கு.

"இன்னாய்யா இது?"

"நீங்கதானே சார் செல்லுல போட்டோ காட்டினீங்க? 'புள்ளி மாறாம இதே மாதிரி வேணும்'னு சொன்னீங்க. நல்லா பாருங்க. ஒரு புள்ளி மாறியிருந்தா நான் தொழிலையே விட்டுடறேன்."

புள்ளி மாறவில்லை. அதுதான் தொல்லை.

அந்தப் போட்டோ வீராசாமியின் சகலை அன்புமணி வாட்ஸப்பில் வைத்திருந்த ஸ்டேட்டஸ். அனந்தபுரம் கலியபெருமாளுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் ராஜாம்பாளைக் கட்டியவர் வீராசாமி. இளையவள் கலைவாணியைக் கட்டியவர் அன்புமணி. இரண்டு மருமகன்களும் இரண்டு கல்லூரிகளில் பி.டி. சார். பெண் எடுத்த வீடுதான் ஒன்று என்றால், மோதுகிற மைதானமும் ஒன்றாகப் போனது. ஆண்களுக்கான மண்டலக் கூடைப்பந்தில் ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டம் இந்த இரண்டு கல்லூரிக்கும்தான். ஐந்து வருஷமாகக் கப்பு திண்டிவனத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

கப்பு போனால் போகட்டும். அது பிரின்சிபால் அறையில் தூசி படியப்போகிற சாமான். வீராசாமியை அரித்தது நல்லி எலும்பு.

இறுதி ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீட்டில் கறிச் சோறு. அது அந்த வீட்டு வழக்கம். வாங்குவது இரண்டு கிலோ கறி, அதில் விழுவது ஒரே ஒரு நல்லி. ஒரு காலத்தில் சடுகுடு ஆடிய கலியபெருமாள் அந்த நல்லியைத் தன் கையாலேயே எடுத்து, ஜெயித்த மாப்பிள்ளையின் இலையில் வைப்பார். வைத்துவிட்டு, "ஆடி வாங்கினது. சாப்டு மாப்ள" என்பார்.

அன்புமணி அதைச் சும்மா சாப்பிடமாட்டார். இலை ஓரத்தில் டொக், டொக் என்று தட்டுவார். பிறகு வாயில் வைத்து உஸ்ஸென்று உறிஞ்சுவார். கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணே, நீங்களும் கொஞ்சம்?" என்று கேட்பார்.

"எனக்கு நல்லி ஆவாது தம்பி. நெஞ்செலும்புதான் பிடிக்கும்" என்பார் வீராசாமி.

ஐந்து வருஷமாக நெஞ்செலும்பு பிடித்துக்கொண்டிருந்தது.

"பேரு மேல துணி வெச்சு ஒட்டிடலாம் சார்" என்றார் தையல்காரர். "ஆரஞ்சுத் துணி தீந்துபோச்சு. யூனிபார்ம் காக்கி இருக்குது."

"ஒட்டறதா? தெச்சுக் குடுய்யா."

"தெச்சா சுருங்கும். பசை போட்டா நீட்டா இருக்கும்."

"வேர்வைல கழண்டுக்காதே?"

"வெள்ளத்துல அடிச்சிக்கினு போனாலும் கழலாது சார்."

முதுகில் ஒன்று, நெஞ்சில் ஒன்று எனக் காக்கித் துண்டுகளோடு பனியன்கள் திரும்பி வந்தன. பார்ப்பதற்கு ஒட்டுப்போட்ட சைக்கிள் டியூப் மாதிரி இருந்தது. ஆனாலும் ஆரஞ்சு ஆரஞ்சுதான் என்று வீராசாமி மனசைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது ராஜாம்பாள் தங்கையோடு போனில் இருந்தாள். தினமும் சாயங்காலம் அந்தப் பேச்சு உண்டு. வீராசாமி பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். காதை மட்டும் மனைவி பக்கம் வைத்தார்.

"அப்படியா... தினமுமா... பசங்களுக்கா? அவிச்ச முட்டையா?"

பேப்பர் கீழே வந்தது.

"எத்தனை முட்டையாம்?"

ராஜாம்பாள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "முட்டைய விடுங்க. வேற ஒண்ணு சொன்னா. அவரு தினம் கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு மூக்கைத் தொடறாராம், காதைத் தொடறாராம். பசங்களுக்கு அதான்..."

"ஜலதோஷமா இருக்கும்."

"இல்லைங்க. கலைவாணி இன்னா சொல்றான்னா..."

"ராஜாம்பா, பாஸ்கட்பால் உனக்குப் புரியாது. முட்டை எத்தனைன்னு கேட்டியா, கேக்கலியா?"

ராஜாம்பாள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "ஆளுக்கு நாலு" என்றாள்.

"அப்ப நமக்கு ஆறு."

மறுநாள் விடியற்காலை அந்த வீட்டில் விசில் ஊதியது. அது புதிதில்லை. வருஷம் முழுக்க அந்த வீடு விசிலுக்குத்தான் எழுந்தது, விசிலுக்குத்தான் சாப்பிட்டது. தோசை தீய்ந்தால் பவுல். காபி லேட்டானால் வார்னிங். அன்றைக்குப் புதிதாக வந்தவை இரண்டு அட்டை முட்டைகள். ராஜாம்பாள் அவித்தாள், உரித்தாள், தூக்கில் அடுக்கிக் கொடுத்தாள். அதையே தினமும் செய்தாள்.

மூன்றாவது நாள் பயிற்சியில், "பந்தைப் புடிச்சிக்கினு குதிங்கடா!" என்று கத்தினார் வீராசாமி.

யாரும் குதிக்கவில்லை.

"சார், குதிச்சா சங்கடமா இருக்குது சார்" என்றான் ஆதிமூலம், வயிற்றைப் பிடித்தபடி.

"இன்னா சங்கடம்?"

எழில் அதற்குள் ஓடிவிட்டான். கழிப்பறைப் பக்கம் அவன் ஓடிய ஓட்டத்தை ஆட்டத்தில் ஓடியிருந்தால் இரண்டு பாயின்ட் வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அன்புமணியின் ஸ்டேட்டஸ் மாறியது. மரக்காணம் கடற்கரை. மணலில் ஆரஞ்சுப் பிள்ளைகள் வரிசையாக ஓடுகிறார்கள். ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அன்புமணி.

வீராசாமி அதைப் பெரிசாக்கிப் பார்த்தார். கண்ணாடி புதுசு.

"டேய், நாளைக்கு எல்லாரும் மணல்ல ஓடறோம்."

"செஞ்சில ஏது சார் கடல்?"

"மலை இருக்குதுல்ல?"

காலையில் கோட்டை வாசல் திறந்ததும் முதல் டிக்கெட் இவர்களுக்குத்தான். பந்துப் பை எழில் தோளில். மிச்சம் இருந்த முட்டைத் தூக்கு வீராசாமி கையில். ராஜகிரிப் படிகளில் விசில் ஊதிக்கொண்டே ஏறவிட்டார். பாதி மலைக்குக்கூட வரவில்லை, மூச்சு வாங்கியது. பிள்ளைகளுக்கில்லை, அவருக்கு. ஒரு மண்டபத்து நிழலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நாலு பக்கமும் குரங்கு.

"சார், தூக்கை மூடுங்க சார்!"

"அதுக்கு முட்டை வேணாம்டா. அது சைவம்" என்றார் வீராசாமி.

குரங்குக்கு முட்டை வேண்டாமாகத்தான் இருந்தது. அது எழிலின் பையைப் பிடுங்கியது. வாழைப்பழம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்த குரங்குக்குக் கிடைத்தது பந்து. முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பாடு என்பதுபோல் தள்ளிவிட்டது. கல்லூரிக்கு அந்த வருஷம் வாங்கிய ஒரே நல்ல பந்து அது. படிப்படியாகத் துள்ளிக்கொண்டு இறங்கியது.

"புடிடா!"

எழில் பாய்ந்தான். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"பந்தைப் புடிச்சிட்டேன் சார்!"

"சபாஷ்! ஏறி வா!"

"அதான் சார் முடியல. காலு மடங்கிப்போச்சு."

இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். கணுக்கால் வீங்கி, மாங்காய் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் ஓடக்கூடாது என்றார்கள். ஆட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

எழிலை வீட்டுக்கே கூட்டிவந்து ராஜாம்பாளிடம் காட்டினார் வீராசாமி. அவள் மஞ்சளும் உப்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டாள். அதற்குப் பிறகு காலையும் மாலையும் ஆதிமூலம் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து ஏதோ பேசுவார்கள். வீராசாமி உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

"இன்னாடா பேசிக்கினு இருந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"மூக்கைத் தொட்டு இன்னாமோ காட்டினே?"

"ஜலதோஷம் சார்."

வீராசாமிக்கு அது வேறு எரிச்சல். நான் தேய்ந்து உழைக்கிறேன், இந்தப் பயல்கள் என் மனைவியிடம் போய் ஒட்டிக்கொள்கிறார்களே! அவளும் அவர்களோடு சிரிக்கிறாள். நம்மிடம் என்றைக்கு இப்படிச் சிரித்தாள்?

சிரித்தது குறைவுதான். அதிலும் ஆட்டம் முடிந்த பிறகு வருகிற பத்து நாள் ராஜாம்பாள் முகத்தில் ஈ ஆடாது. காரணம் இருந்தது. ஜெயித்த கல்லூரியின் பி.டி. தான் மண்டல அணிக்கு மேனேஜர். முகாம், போட்டி எல்லாம் சேர்த்துப் பத்து நாள் வெளியூர். அன்புமணி கோட்டு சூட்டோடு ரயில் ஏறுவார். அதே பத்து நாளும் வீராசாமி மெடிக்கல் லீவு போட்டு வீட்டில் கிடப்பார். சும்மா கிடக்கமாட்டார். சமையலறைத் தரையில் வெங்காயத்தை எல்லாம் பரப்பி, தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஆடுவார்.

"இந்தப் பெரிய வெங்காயம் எழில். இங்க நின்னிருக்கணும். நின்னானா?"

"நிக்கலீங்க."

"இந்தச் சின்ன வெங்காயம் அவன் டீமு. இங்கேர்ந்து போட்டான். விழுந்துதா?"

"விழுந்துதுங்க. அந்த எழிலைக் குடுங்க, சாம்பாருக்கு நறுக்கணும்."

அதே சமயம் கலைவாணியின் ஸ்டேட்டஸ் வரும். பாண்டிச்சேரி பீச்சில் சுண்டல் சாப்பிடுகிறாள். அக்கம்பக்கத்துப் பெண்களோடு சினிமாவுக்குப் போகிறாள். மத்தியானம் டீவிக்கு எதிரே தலையணை போட்டுப் படுத்திருக்கிறாள். ராஜாம்பாள் ஒவ்வொரு படத்தையும் நிறுத்திப் பார்ப்பாள். பார்த்துவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விடுவாள். ஒருமுறை கண்கூடக் கலங்கியிருந்தது.

வீராசாமிக்கு நெஞ்சு கனத்துப்போகும். தங்கை புருஷன் ஜெயிக்கிறான், தன் புருஷன் தோற்கிறான். எந்தப் பெண்ணுக்குத்தான் பொறாமையாக இருக்காது?

"கவலைப்படாத ராஜாம்பா. அடுத்த வருஷம் அந்தக் கப்பைக் கொண்ணாந்து உன் காலடில வெக்கறேன்."

"கப்பை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்? நீங்க ஜெயிங்க. அது போதும்" என்பாள் அவள்.

எத்தனை பெரிய மனசு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இந்த வருஷம் இறுதி ஆட்டம் செஞ்சியிலேயே. சொந்த மைதானம். அனந்தபுரத்திலிருந்து மாமனார் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ராஜாம்பாளும் கலைவாணியும் அவருக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

திண்டிவனத்து வேனிலிருந்து ஆரஞ்சு பனியன்கள் இறங்கின. மைதானத்தில் ஏற்கெனவே ஆரஞ்சு பனியன்கள் நின்றிருந்தன. நடுவர் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"இன்னா சார் இது? யாரு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு டீமு மாத்துங்க."

வீராசாமிக்கு வியர்த்தது. மாற்றுவதற்கு அவரிடம் பழைய பனியன்கூட இல்லை. அதைத் தரை துடைக்கக் கொடுத்தாகிவிட்டது.

"அண்ணே, கஷ்டப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தார் அன்புமணி. "எங்ககிட்ட வெள்ளைல இன்னொரு செட்டு இருக்குது. நாங்க மாத்திக்கறோம். நம்ம பனியன் உங்களுக்கும் நல்லாத்தான் இருக்குது. காக்கி இன்னாத்துக்கு? புது மாடலா?"

இன்னொரு செட்டு! வீராசாமிக்குப் பல் கூசியது.

ஆட்டம் தொடங்கியது. அன்புமணி கத்தவே இல்லை. எல்லைக்கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவ்வப்போது மூக்கைத் தொட்டார். பந்து இடது மூலைக்குப் பறந்தது. அங்கிருந்து தினகரன் வீசினான், வளையத்தில் விழுந்தது. காதைத் தொட்டார். பந்து பாரதிக்குப் போனது, அவன் நடுவில் புகுந்து போட்டான். முதல் குவார்ட்டர் முடிவதற்குள் செஞ்சி பத்து பாயின்ட் பின்னால் இருந்தது.

எழிலால் ஓட முடியவில்லை. நொண்டிக்கொண்டே தங்கள் பக்கத்து வளையத்துக்குக் கீழே நின்றான். வந்து விழுகிற பந்தைப் பிடித்தான். அவ்வளவுதான்.

இரண்டாவது குவார்ட்டரில் வியர்வை இறங்கியது. வெள்ளத்துக்கு அசையாத பசை வியர்வைக்கு அசைந்தது. முதலில் ஆதிமூலத்தின் முதுகுத் துண்டு தொங்கியது. பிறகு விழுந்தது. அடியில் 'பாரதி' பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக உரிந்தார்கள். மைதானமெங்கும் காக்கித் துண்டுகள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வீராசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சார்! சார்! பாருங்க சார்!" என்று பெஞ்சிலிருந்தவன் உலுக்கினான்.

திண்டிவனத்துப் பையன்கள் வருஷம் முழுக்க ஆரஞ்சில் ஆடிப் பழகியவர்கள். அவசரத்தில் ஒருவன், முதுகில் 'பாரதி' என்று இருந்த ஆரஞ்சு பனியனைப் பார்த்துப் பந்தை வீசினான். ஆதிமூலம் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் இன்னொரு ஆரஞ்சுக்குக் கொடுத்தான். அதுவும் விழுந்தது.

"டேய், பேரைப் பாக்காதீங்கடா! மூஞ்சியப் பாருங்கடா!" அன்புமணி அன்றைக்கு முதல் தடவையாகக் கத்தினார்.

முதல் தடவையாக வீராசாமி துண்டை எடுத்தார்.

ஆனால் அந்த அதிர்ஷ்டம் இடைவேளை வரைதான். அதற்குப் பிறகு அவர்கள் விழித்துக்கொண்டார்கள். மூக்கு, காது, மூக்கு. மூன்றாவது குவார்ட்டர் முடியப்போகும் நேரத்தில் மறுபடி பத்து பாயின்ட் இடைவெளி. வீராசாமி டைம் அவுட் கேட்டார். பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள்.

"டேய், இது மான விஷயம்டா. இந்த வருஷமும் அந்த நல்லி அவனுக்குப் போனா..."

"எந்த நல்லி சார்?"

"கப்புடா, கப்பு!"

கடைசிக் குவார்ட்டர். அன்புமணி மெதுவாகக் கையைத் தூக்கினார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் மைதானத்தைக் கிழித்தது.

"மூக்கு! மூக்கைத் தொடறாரு!"

வீராசாமி திரும்பிப் பார்த்தார். ராஜாம்பாள். பலகை மேல் ஏறி நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. கூப்பிட்டால் 'ங்க' என்று வருகிற தொண்டையா இது?

ஆதிமூலம் யோசிக்கவே இல்லை. இடது மூலைக்குப் பாய்ந்தான். பந்து தினகரன் கைக்கு வருமுன்னே நடுவில் தட்டிப் பறித்தான்.

"காது! இப்ப காது!"

நடுவழியை மறித்து நின்றார்கள். பாரதி வந்து மோதித் திரும்பினான்.

"இன்னாம்மா, ஆட்டத்தை நீ ஆடறியா?" என்று கலியபெருமாள் திரும்பிக் கேட்டார்.

"நீங்க உக்காருங்க நைனா!" என்றாள் ராஜாம்பாள். "மூக்கு! மறுபடியும் மூக்கு!"

கலைவாணி அவள் பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

இடைவெளி சுருங்கியது. கடைசி இருபது விநாடியில் திண்டிவனம் ஒரே ஒரு பாயின்ட் முன்னால். பந்தும் அவர்களிடம். அன்புமணிக்கு இப்போது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எதைத் தொட்டாலும் அண்ணி கத்துகிறாள். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார்.

சும்மா தட்டிக்கொண்டே நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அன்புமணிக்குத் தும்மல் வந்தது. நிஜத் தும்மல்.

அச்!

கை தானாக மூக்குக்குப் போனது.

"மூக்கு!" என்று மைதானமே கத்தியது. ராஜாம்பாள் மட்டுமில்லை, அதற்குள் கடலை விற்கிறவர் வரைக்கும் பாடம் கற்றிருந்தார்.

பழக்கம் விடவில்லை. பந்து இடது மூலைக்குப் பறந்தது. அங்கே தினகரனுக்கு முன்னால் ஆதிமூலம் நின்றிருந்தான். வாங்கினான், ஓடினான், போட்டான். நடுவர் விசில் ஊதினார். செஞ்சி ஒரு பாயின்ட்டில் ஜெயித்தது.

பிள்ளைகள் வீராசாமியைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் எழில் நொண்டியதால் அவர் சாய்ந்தே போனார். சாய்ந்த நிலையிலும் அவர் கண் சகலையைத் தேடியது. அன்புமணி பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்தில் அதைவிட அழகான காட்சியை வீராசாமி பார்த்ததில்லை.

"உங்க வீட்டம்மா மாதிரி யாருக்கு சார் கிடைக்கும்?" என்றார் பிரின்சிபால். "கூடப் பொறந்த தங்கச்சி வீட்டுக்காரரு டீமுன்னுகூடப் பாக்கலியே!"

வீராசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் அந்தப் பயல்களோடு குசுகுசுவென்று பேசியது இதைத்தானா? தன் மானத்துக்காகத் தங்கையையே பகைத்துக்கொண்டாளே!

வீட்டுக்கு வந்ததும், "ராஜாம்பா, நீதான் உண்மையான கோச்" என்றார்.

"இருக்கட்டுங்க. பொட்டியில எத்தனை சட்டை வெக்கட்டும்? ஸ்வெட்டரும் வெச்சிடறேன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்தில் கறி கொதித்தது. மின்விசிறிக்கு நேர் கீழே, இத்தனை வருஷம் அன்புமணி உட்கார்ந்த இடத்தில், வீராசாமி உட்கார்ந்தார். காற்று எப்படி வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார். எதிரே அன்புமணி. மாமனார் கரண்டியோடு வந்தார். குழம்பில் துழாவினார். வீராசாமி மூச்சை நிறுத்தினார்.

நல்லி அவர் இலையில் இறங்கியது.

"ஆடி வாங்கினது. சாப்டு மாப்ள."

"இருக்கட்டும் மாமா. தம்பிக்கு நெஞ்செலும்பு போடுங்க. நல்லா இருக்கும்" என்றார் வீராசாமி.

"எனக்குச் சந்தேகமா இருக்குது அண்ணே" என்றார் அன்புமணி. குழம்பைத் தொடாமல் சோற்றைப் பிசைந்தார். "மூக்கு மேட்டரு எங்க டீமைத் தவிர யாருக்கும் தெரியாது. பையன் எவனோ சொல்லியிருக்கான். கண்டுபிடிச்சு டீமை விட்டே துரத்தப்போறேன்."

"தோத்தா இப்படித்தான் தம்பி தோணும்" என்றார் வீராசாமி. "நானும் அஞ்சு வருஷம் யோசிச்சேன். வெங்காயம் வெச்சுப் பாரு, எல்லாம் தெளிவாயிடும்."

நல்லியை எடுத்தார். டொக், டொக் என்று தட்டினார். அன்புமணியின் தாடை இறுகுவதை ஓரக்கண்ணால் பார்த்தார். இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். உறிஞ்சுவதற்கு வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார்.

இதில் பாதி அவளுக்குச் சேர வேண்டும். அவளும்தானே ஐந்து வருஷம் தங்கையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்? நாளைக்கு ரயில் ஏறினால் பத்து நாள் அவளைப் பார்க்க முடியாது. பாவம், தனியாகக் கிடப்பாள்.

எச்சில் கையில் நல்லியைப் பிடித்தபடியே எழுந்தார். "எங்க அண்ணே?" என்று அன்புமணி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சமையலறைப் பக்கம் போனார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ராஜாம்பாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்படி வாய்விட்ட சிரிப்பை எழிலுக்குப் பற்றுப் போட்டபோதுகூட அவர் கேட்டதில்லை. கதவைத் தள்ளக் கையை வைத்தார்.

கலைவாணியின் குரல் வந்தது.

"அக்கா, அஞ்சு வருஷம் வீட்ல ஆம்பள இல்லாம நான் காலை நீட்டிப் படுத்ததைப் பாத்து வயிறெரிஞ்சியே, இந்தப் பத்து நாளு நீ நல்லா அனுபவி, ஆனா அடுத்த வருஷம் மாமா எதைத் தொட்டா இன்னான்னு நீ எனக்குச் சொல்லிடணும், ஆமா!"